காளையைக் கட்டிய சேர்மன்

என் வீட்டுக்காரர் கிராமச் சங்கத் தலைவராக இருந்து இறங்கியதைப் பற்றி எங்கள் பக்கத்தில் இரண்டு கதை உலாவுகிறது. எதிர்த் தரப்பு அக்கரையார் சதி செய்து விழுத்தினார் என்பது ஒன்று. அம்மன் விழுத்தினாள் என்பது மற்றது. இரண்டையும் சொல்கிறவர்கள் மாதத்தையும் கிழமையையும் தாறுமாறாக்கி, வெள்ளத்துக்கு முன் நடந்ததைப் பின்னுக்கும் பின் நடந்ததை முன்னுக்கும் போட்டுவிடுகிறார்கள். நான் அந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்தவள். பசு கன்று போட்டதையும் மழை விட்டதையும்கூடச் சுவர்க் கலண்டரில் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவள். ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதிவைக்கிறேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் தொடங்கவேண்டும். அதற்குச் சில வருடங்கள் முன்புதான் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே குடியேற்றக் காணி எடுத்து, காட்டை வெட்டி வயலாக்கியிருந்தோம். எங்களுக்கு முன்பே அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களைப் பழைய ஊரார் என்போம். அவர்கள் எங்களைக் குடியேற்றக்காரர் என்பார்கள். இரு பகுதியாரும் சந்தையில் கண்டால் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். வெள்ளம் வந்து எல்லோரையும் ஒரே பள்ளிக்கூட மண்டபத்துக்குள் தள்ளிவிட்டது.

வீட்டில் தேத்தண்ணி போடவும் தெரியாத என் மனிதர், அந்த மண்டபத்தில் கிடாரம் வைத்து ஊருக்கே கஞ்சி காய்ச்சினார். காய்ச்சியது பிறர்தான். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்று, விறகு எங்கே, தேங்காய் எங்கே, யார் இன்னும் குடிக்கவில்லை என்று கூவிக்கொண்டிருந்தார். நடுவில் நிற்பது தனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரியவந்திருக்கும். என்னைக் கேட்டால் அவர் சேர்மன் ஆனது அங்கேதான். வாக்கெடுப்பு பிறகு நடந்த சடங்கு.

அந்தச் சடங்கில் இவருக்குக் கிடைத்த சின்னம் குடை. எதிர்த் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சந்தியடியில் வீடும், காடு கொள்ளாத மாடும் வைத்திருந்தவர். நாங்கள் அவரை அக்கரையார் என்றே சொல்வோம். எங்கள் கூட்டமொன்றுக்கு வந்து பின்னால் நின்றுகொண்டு கேட்டார்.

"வெள்ளம் வந்து வடிஞ்சும் போச்சு. இனிக் குடை பிடிச்சு என்ன காணுறது?"

"இது அடுத்த மழைக்கு அண்ணை," என்றார் இவர். "உங்களுக்கும் சேர்த்துத்தான் விரிக்கிறன். வந்து நில்லுங்கோ."

சிரிப்பில் கூட்டம் கலைந்தது. அந்தச் சிரிப்பிலேயே வென்றுவிட்டார் என்று சொல்லலாம். எங்கள் வட்டாரத்தில் வென்று, பிறகு சங்க உறுப்பினர்களின் வாக்கில் தலைவரும் ஆனார்.

முதல் வேலையாக, வெள்ளம் கொண்டுபோன மரப்பாலத்துக்குப் பதிலாக ஆற்றுக்குக் குறுக்கே சீமெந்துப் பாலம் போட்டார். சங்கத்தின் அலுவலகமான கந்தோர் அக்கரையில் இருந்தது. அதுவரை மாரியில் கந்தோருக்குப் போகிறவர்கள் வேட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கவேண்டும். பாலத்தின் நட்டநடுவில் கைப்பிடிச் சுவரில் இவருடைய பெயர் பொறித்த கல் ஒன்று வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் சைக்கிளில் போகும்போது அந்த இடத்தில் மட்டும் மெதுவாக மிதிப்பார். நான் பின்னால் கரியரில் இருந்தால், "என்ன, காத்துப் போட்டுதோ?" என்று கேட்பேன். மணியை ஒருமுறை அடித்துவிட்டு மிதிப்பார்.

நல்ல சேர்மன்தான். மதகு, கிணறு, சந்தியில் பெற்றோல்மாக்ஸ் விளக்கு என்று கேட்டதில் பாதியாவது நடந்தது. கந்தோர்ப் பாசை மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. குசினியில் உப்பு முடிந்தது என்றால், "கவனத்தில் எடுக்கிறன்" என்பார். வயலில் கோரை முளைத்தது. அதையும் கவனத்தில் எடுத்தார். பிடுங்கியது நான்.

பிறகு வந்தது மாட்டுப் பிரச்சினை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மாடு என்றால் கோடிப்புறத்தில் கயிற்றில் நிற்பது. பழைய ஊராருக்கு மாடு என்றால் விடிய எழும்பிக் காட்டுக்குப் போய்ப் பொழுதுபடத் தானாகத் திரும்பி வருவது. வரும் வழியில் எங்கள் நெல் நிற்கும். "ஒரு மாடும் இனி உங்கடை வயலிலை வாய் வைக்காது" என்று இவர் தேர்தலிலேயே சொல்லியிருந்தார். அதன்படி, கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைத்துத் தண்டம் அறவிட ஒரு பட்டி கட்டுவதாகச் சங்கத்தில் தீர்மானம் நிறைவேற்றினார். உடனே அக்கரையார் இவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இவரையும் சேர்த்து உறுப்பினர்களை எண்ணிப் பார்த்தால் இந்தப் பக்கம் எத்தனையோ அந்தப் பக்கமும் அத்தனை. இவருடைய ஒரு வாக்கு விழுந்தால் சமமாகித் தீர்மானம் தோற்கும், தலைமை நிற்கும். விழாவிட்டால் போய்விடும். அதற்கான விசேட கூட்டம் வைகாசியில் என்று அறிவித்தல் வந்தது. நான் கலண்டரில் வட்டம் போட்டேன்.

கூட்டத்துக்கு முன்பே பட்டியைத் திறந்துவிடவேண்டும் என்று இவர் அவசரப்பட்டார். திறப்பு விழாவுக்கு அரசாங்கத்தின் பெரிய உத்தியோகத்தரான காரியாதிகாரி வந்தார். பந்தல், வாழை, மேளம் எல்லாம் இருந்தது. பிடித்த முதல் மாட்டை உள்ளே விட்டுக் காரியாதிகாரி கையால் படலையைச் சாத்துவதாக ஏற்பாடு. காலையிலிருந்து ஆட்கள் கயிறும் கையுமாக அலைந்தார்கள். பழைய ஊரார் எல்லோரும் சேர்ந்து மாடுகளை விடியவே காட்டுக்குள் சாய்த்துவிட்டார்கள். அன்றைக்கென்று ஊரில் ஒரு வால் கிடையாது.

இவர் பேச்சை நீட்டினார். கூட்டுறவைப் பற்றிப் பேசினார், விவசாயத்தின் பெருமையைப் பற்றிப் பேசினார். பாலத்தைப் பற்றி இரண்டாம் முறையும் பேசினார். காரியாதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்துக் காணித் தம்பி, எங்கள் தேர்தல் வேலை முழுவதையும் ஓடியாடிச் செய்தவன், என் காதில் சொன்னான்.

"அக்கா, பட்டி இருக்கு. சனம் இருக்கு. மாட்டுக்கு எங்கை போறது? அண்ணையைத்தான் உள்ளை விட்டுச் சாத்தவேணும்."

அந்த நேரத்தில் வாய்க்கால் கரையால் ஒரு வெள்ளைக் காளை வந்தது. கோயிலுக்குப் போகிற ஆளைப்போல அவசரமில்லாத நடை. இவர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மேடையால் குதித்தார். ஆட்களின் கையிலிருந்த கயிற்றைத் தானே பறித்து, தானே கழுத்தில் போட்டார். காளை முரண்டு பிடிக்கவில்லை. தலையைக் குனிந்து கொடுத்தது. இவருக்குப் பிடிபடாத சந்தோசம். தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றிக் காளைக்குப் போட்டார். காளை மாலையைத் தின்னத் தொடங்கியது. படலை சாத்தப்பட்டது. கைதட்டல்.

குடியேற்றக்காரர் தட்டியது சரி. வேலி ஓரத்தில் நின்ற பழைய ஊரார் அதைவிடப் பலமாகத் தட்டினார்கள். பட்டி வேண்டாமென்று மனுக் கொடுத்தவர்கள் இப்படி மகிழ்ந்தது எனக்கு அப்போதே உறுத்தியது.

பொழுதுபட, அம்மன் கோயில் பூசாரியார் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, திருநீறு, மஞ்சள் நூல் எல்லாம் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சந்தோசம் சேர்மன் ஐயா. இந்த முறை ஆர் கட்டப்போகினம் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்."

"எதைக் கட்ட?"

"அம்மாளின்ரை காளையை. துடையிலை சூலக்குறி இருந்ததே, பாக்கேல்லையோ?"

"குறி கண்டனான். ஆரோ ஒரு வீட்டுக்காரற்றை குறியெண்டு விட்டிட்டன்."

"ஓம், வீட்டுக்காரவின்ரை குறிதான். அவ கோயிலிலை இருக்கிறா."

அங்கே மாட்டுக்குக் குடும்பக் குறி சுடுவார்கள். பழைய ஊரார் அதைத் தூரத்திலேயே பத்திரிகைத் தலைப்பு வாசிப்பதுபோல வாசித்துவிடுவார்கள். எங்களுக்கு எல்லாம் வெறும் தழும்பு. பூசாரியார் சொல்லித்தான் அந்த வழக்கம் எங்களுக்குத் தெரியவந்தது. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட காளையை யாரும் கட்டமாட்டார்கள், விரட்டமாட்டார்கள். ஒருவர் மட்டும் கட்டலாம். வைகாசிப் பொங்கலின் உபயத்தை ஏற்க விரும்புகிறவர் பொங்கலுக்கு முன், சபையில், தன் கையால் கயிறு போட்டு மாலை சூட்டுவார். வாய் திறந்து கேட்கிற வழக்கம் இல்லை. அதுதான் கேட்பது. இவர் ஒரு குறையும் விடாமல் எல்லாம் செய்திருந்தார். காரியாதிகாரியைச் சாட்சிக்கும் வைத்திருந்தார்.

நான் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். அது மலர்ந்துபோயிருந்தது.

"என்னப்பா, குடியேற்றக்காரரிலை ஆருக்கு இது கிடைச்சிருக்கு? பழைய ஊரே எங்கடை வாசலுக்கு வரப்போகுது!" என்று கையை நீட்டினார். பூசாரியார் காப்பு நூலைக் கட்டிக்கொண்டே விதிகளைச் சொன்னார். ஒருநேரச் சோறு. பாயில் படுக்கை. காளை வீட்டு முற்றத்தில் நிற்கவேண்டும். பொங்கல் முடியும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது.

"எல்லை எது?" என்று கேட்டேன்.

"ஆறுதான் தங்கச்சி. இப்ப பாலம் வந்த பிறகு, பாலத்தின்ரை நடு."

நான் எழுந்துபோய்க் கலண்டரைப் பார்த்தேன். வற்றாப்பளை அம்மன் கோயிலில் பொங்கி அடுத்த திங்கள் எங்கள் ஊர்ப் பொங்கல். நான் வட்டம் போட்டிருந்த கூட்டம் அதற்கு முந்திய வியாழன். கந்தோர் அக்கரையில்.

"இஞ்சேருங்கோ," என்றேன். "வியாழக்கிழமை நீங்கள் எப்பிடி ஆத்தைக் கடக்கிறது?"

பூசாரியார் முடிச்சைப் போட்டு முடித்திருந்தார். "அது கந்தோர் விசயம். எனக்கு விளங்காது," என்று தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். போகும்போது சிரித்தாரா என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்லமுடியாது.

கூட்டத்தைப் பின்போடும்படி இவர் ஆள் அனுப்பினார். அறிவித்தல் சட்டப்படி போனது, மாற்றமுடியாது என்று பதில் வந்தது. பக்கத்துக் காணித் தம்பி வழி சொன்னான்.

"நூல்தானே அண்ணை. கழட்டி வைச்சிட்டுப் போட்டு வாங்கோ. வந்து திருப்பிக் கட்டுவம்."

"அம்மாள் கேட்டா?"

"அம்மாளுக்கு நாங்கள் புது ஆக்கள். எங்களை ஆரெண்டே தெரியாது."

இவர் சிரித்தாலும் நூலைக் கழற்றவில்லை. தலைமையை விட்டுக்கொடுக்க மனமும் இல்லை. பாயில் படுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இத்தனை அந்தப் பக்கம் இத்தனை என்று விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பார். எத்தனை முறை மடக்கினாலும் ஒன்று குறைந்தது.

இதற்கிடையில் காளை என் கத்தரியை முடித்துவிட்டு வாழைக்கு வந்தது. அதைப் பார்க்கப் பழைய ஊர்ப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். வாழைப்பழம், தேன், வரகு, எதையாவது கொண்டுவந்து காளைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு நின்று கதைத்தார்கள். அத்தனை வருடத்தில் என் முற்றத்தை மிதிக்காதவர்கள். என் அலுமாரியில் இருந்த புத்தகங்களைத் தடவிப் பார்த்தார்கள். கலண்டரைக் கண்டுவிட்டு, மகளின் கலியாணத்துக்கு நல்ல நாள் இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்கு வாய் ஓயவில்லை. கண்டாவளையிலிருந்து வந்த ஒரு மனுசி, அங்கே எந்த வருடம் எந்த வாய்க்கால் வெட்டினார்கள் என்று எனக்கே பாடம் எடுத்தா.

ஒருநாள் அக்கரையாரின் மனைவியே தயிர் முட்டியோடு வந்தா. எங்கள் கரையில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டவ.

"அவர் அங்கை உங்கடை மனுசனை விழுத்த நிக்கிறார். நான் இஞ்சை தயிர் கொண்டந்திருக்கிறன்," என்றா. "காளைக்குத்தான். உங்கடை மனுசனுக்கெண்டு நினைச்சுப்போடாதையுங்கோ."

காளை தயிர் தின்னாது என்பது அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவர் ஒருநேரச் சோற்றோடு அதைத் தின்றார்.

வியாழக்கிழமை காலை. இவர் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, சட்டைப் பையில் சங்கத்தின் பேனையைக் குத்திக்கொண்டு பாலத்துக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். என் பின்னால் தம்பியும் குடியேற்றக்காரர் கொஞ்சப் பேரும், அவர்களுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, பழைய ஊராரும் வந்தார்கள். இவர் தன் பெயர் பொறித்த கல்லடியில் போய் நின்றார். அதற்கு அங்கால் ஒரு அடி வைத்தால் அக்கரை.

அந்தப் பக்கத்தால் அக்கரையாரும் உறுப்பினர்களும் வந்தார்கள். எங்கள் தரப்பு உறுப்பினரான புடைவைக்கடை முதலாளியும் வந்தார். முல்லைத்தீவு முஸ்லிம். அண்ணனை அவர்கள் அழைக்கும் முறையில் எங்களுக்கும் நானா.

"என்ன சேர்மன், பாலம் பலமோ எண்டு பாக்கிறீரோ?" என்றார் அக்கரையார்.

"பலந்தான். நான் கட்டினது."

"அப்ப வாருமன்."

"நீங்கள் எல்லாரும் இஞ்சை நிக்கிறியள். நானும் நிக்கிறன். கூட்டத்தை இதிலையே வைப்பம்."

"கூட்டம் கந்தோரிலை எண்டுதான் சட்டம். போன வருசம் என்ரை விறாந்தையிலை வைப்பமெண்டு கேட்க, அந்தச் சட்டத்தை வாசிச்சுக் காட்டினது நீர்தானே?"

இரண்டு கரையிலும் சிரிப்பு. இவரும் சிரித்தார். உண்மை அது.

பின்னாலிருந்து தம்பி கத்தினான். "ஒரு எட்டு அண்ணை! ஒரேயொரு எட்டு!"

இவர் செருப்பைக் கழற்றினார். வலது காலைத் தூக்கினார். நான் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது கீழேயும் போகாமல் மேலேயும் போகாமல் நின்றது.

"நானா, நீங்கள் சொல்லுங்கோ," என்றார். "என்ரை வாக்கு இல்லாட்டி நீங்களும் சேர்ந்துதான் தோக்கிறியள்."

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சேர்மன், எத்தினை வருசமா நான் நோன்பு பிடிக்கிறன். நோன்பு நாளையிலை நீங்கள் ஒருநாளும் என்ரை முன்னாலை தேத்தண்ணி குடிச்சதில்லை. கூட்டத்திலை மற்றவைக்கும் குடுக்க விடேல்லை. இப்ப நான் உங்களைப் பாத்து வாங்கோ எண்டு சொல்லுறதோ? தோத்தால் தோப்பம். கடையைத் திறந்து சாரம் விப்பம்."

தூக்கிய கால் இந்தப் பக்கமே இறங்கியது. பயமா, பக்தியா, நானாவின் சொல்லா, தயிரா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. இறங்கிய கணத்தில் அவர் முகத்தில் சுமை இறக்கிய ஆளின் தெளிவு இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து நானாவிடம் நீட்டினார்.

"இது சங்கத்தின்ரை. மேசையிலை வையுங்கோ."

அக்கரையார் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப நாங்கள் போட்டு வாறம்," என்றார்.

"போட்டு வாங்கோ," என்றார் இவர்.

மத்தியானத்துக்குள் சைக்கிளில் செய்தி வந்தது. ஒரு வாக்கால் தோல்வி. அக்கரையார் புதுத் தலைவர். தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான். இவர் காளைக்குத் தண்ணீர் காட்டினார்.

திங்களன்று பொங்கினோம். ஸ்கந்தபுரத்திலிருந்தும் வண்டிகளில் சனம் வந்தது. குடியேற்றக்காரப் பெண்களும் பழைய ஊர்ப் பெண்களும் ஒரே உரலில் மாறி மாறி அரிசி குற்றியதை அன்றுதான் பார்த்தேன். என் கை கொப்பளித்துவிட்டது. பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தபோது எழும்பிய குரவைச் சத்தத்தில் கோயில் வேப்பமரத்துக் காகம் முழுவதும் பறந்தது. உபயகாரர் தன் கையாலேயே எல்லோருக்கும் பொங்கல் பரிமாறவேண்டும் என்பது அங்கத்தைய முறை. பந்தியில் அக்கரையாரும் வாழையிலைக்கு முன் சப்பணம் கட்டி இருந்தார். இவர் அகப்பையோடு அவர் முன்னால் வந்து நின்றார்.

"புதுச் சேர்மன், இன்னும் கொஞ்சம்?"

"போதும், போதும் சேர்மன்," என்றார் அவர், பழக்கத்தில்.

பந்தி முழுவதும் வெடித்துச் சிரித்தது. அக்கரையார் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். அதன் பிறகும் எங்கள் பகுதியில் சேர்மன் என்றால் என் வீட்டுக்காரர்தான். அக்கரையார் பதவியில் இருந்த காலம் முழுவதும் புதுச் சேர்மனாகவே இருந்தார். பட்டியை உடைப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரும் கோடை விளைச்சலான சிறுபோகத்துக்கு வயல் ஒன்று குத்தகைக்கு எடுத்திருந்தார். ஆகவே உடைக்கவில்லை.

பந்தி முடிய இவர் காளையின் கயிற்றை அவிழ்த்தார். அது போகவில்லை. இவரைப் பார்த்தது. நாங்கள் வீட்டுக்கு நடக்க, அதுவும் பின்னால் வந்தது.

அடுத்த நாள் காலையில், நெடுங்காலத்துக்குப் பிறகு, அவர் சாரத்தை மடித்துக் கட்டி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் புறப்பட்டார். நானும் கோரை பிடுங்கப் போனேன். காளையும் வந்தது. வரம்பில் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, எங்கள் இளம் பயிருக்குள் இறங்கி, ஆறுதலாகத் தின்னத் தொடங்கியது. அம்மனின் காளையை விரட்டக்கூடாது. ஒரு மாடும் வயலில் வாய் வைக்காது என்று மேடை மேடையாகச் சொன்ன மனிதர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, கை இரண்டையும் கூப்பிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார்.

"ராசா, கொஞ்சம் அங்காலை போறியளோ?" என்றார்.

நான் வரம்பில் இருந்து சிரித்த சிரிப்பில் என் கையில் இருந்த கோரைப்புல் முழுவதும் வாய்க்காலில் விழுந்து போனது. காளை அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. கவனத்தில் எடுத்ததாகத் தெரியவில்லை.